28,000 ரூபாய்க்கு வந்த 1998 மாருதி 800: முழுப் பெயின்ட் அடிக்காமல் வீட்டிலேயே தேற்ற முடியுமா?

வெள்ளைக்குருவி · கோவை · 8 ஜூன் 2025

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்கு அருகில் என் மாமாவின் தோப்பில் நான்கு ஆண்டுகளாகப் புளியமரத்தடியில் அசையாமல் நின்றிருந்த மாருதி 800 ஒன்றைச் சென்ற மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 1998ஆம் ஆண்டு வண்டி, கார்ப்பரேட்டர், வெள்ளை நிறம், ஏ.சி. கிடையாது. மாமா இனாமாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்படி வாங்கினால் பின்னால் ஒரு பேச்சு வரும் என்பதால், பழைய இரும்புக்காரர் சொல்லியிருந்த 28,000 ரூபாயையே அத்தையின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மெக்கானிக் பெட்ரோல் டாங்கைக் கழுவி, கார்ப்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, பிரேக் சிலிண்டர்களை மாற்றி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆகவே எஞ்சினைப் பற்றி இங்கே நான் கேட்கவில்லை. என் கவலை முழுவதும் வண்டியின் தோற்றத்தைப் பற்றியதுதான்.

பானெட்டிலும் கூரையிலும் விரலை வைத்துத் தேய்த்தால் வெள்ளையடித்த சுவரைத் தொட்டதுபோல் மாவு ஒட்டுகிறது. பறவை எச்சம் விழுந்த இடங்களில் வட்ட வட்டமாகத் தழும்பு இருக்கிறது. கறுப்பாக இருந்திருக்க வேண்டிய பம்பர்கள் இரண்டும் சாம்பல் நிறமாகிவிட்டன. இடது முன்கதவின் கீழ் ஓரத்தில் மூன்று கொப்புளங்கள் உள்ளன. கூரையின் நடுவில் தென்னை மட்டை விழுந்து சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு ஓர் அமுங்கல். உள்ளே பூஞ்சை நாற்றம் குடலைப் பிடுங்குகிறது.

ஒரு பட்டறையில் முழுப் பெயின்ட்டுக்கு 45,000 ரூபாய் கேட்டார்கள். வண்டியின் விலையைவிட அது அதிகம் என்பதால் திரும்பி வந்துவிட்டேன். கூரை போட்ட போர்ட்டிகோவும், மாலை நேரங்களும், ஞாயிற்றுக்கிழமைகளும், ஏறத்தாழ 10,000 ரூபாயும் என்னிடம் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு எந்த அளவுக்குச் செய்யலாம், எதிலிருந்து தொடங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை · ஈரோடு · 8 ஜூன் 2025

தங்கள் ஆர்வத்தைக் குறைப்பதற்காக எழுதவில்லை. ஆனால் 1998இல் பதிவான வண்டிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் தோப்பில் நின்ற வண்டிக்கு 2023இல் யாரும் அதைச் செய்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மேல் பசுமை வரியும் உண்டு. முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பதிவு உயிரோடு இல்லாத வண்டிக்கு மெருகேற்றுவது, மாப்பிள்ளையை நிச்சயம் செய்யாமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்று, வேறு நிறம் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் ஆர்.சி.யில் மாற்றிக்கொள்ள வேண்டும். வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும்.

சேலத்துப் பெயின்டர் · 9 ஜூன் 2025

முப்பத்தொரு ஆண்டுகள் ஸ்ப்ரே கன் பிடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்; இப்போது பட்டறையை மகனிடம் விட்டுவிட்டேன். 45,000 ரூபாய் என்பது அநியாயமான விலை அன்று. பெயின்ட் அடிப்பது ஒரு நாள் வேலைதான். அதற்கு முன் ஓரங்களில் உள்ள ரப்பர் பீடிங்குகளைக் கழற்றுவதும், நெளிந்த தகட்டை நிமிர்த்தும் டிங்கரிங் பார்ப்பதும், பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டியை வைத்துத் தேய்ப்பதும், மீண்டும் வைத்து மீண்டும் தேய்ப்பதும்தான் பத்து நாட்களை விழுங்கும். பாதி விலைக்கு அடித்துத் தருகிறேன் என்பவர் இந்தப் பத்து நாட்களைத்தான் குறைப்பார். ஆறு மாதத்தில் துரு அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டும்.

உங்கள் வண்டிக்கு முழுப் பெயின்ட் தேவைப்படாது என்றே எனக்குத் தோன்றுகிறது. மாவு ஒட்டுகிறது என்று நீங்கள் எழுதியதே நல்ல சகுனம். அந்தக் காலத்து வெள்ளை 800இல் மெட்டாலிக் வண்டிக்கு இருப்பதுபோல் மேலே தனியாகக் கிளியர் கோட் என்ற நிறமற்ற பளபளப்பு அடுக்கு இருக்காது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில்தான் இருக்கும். ஒரு கறுப்புத் துணியில் துளி ரப்பிங் காம்பவுண்டை, அதாவது பெயின்ட்டைத் தேய்த்து மெருகேற்றும் பசையைத் தொட்டு, மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளை இறங்கினால் அது ஒற்றை அடுக்குப் பெயின்ட்தான். செத்துப்போன மேல்தோலைச் சீவி எடுத்தால் அடியில் உயிருள்ள பெயின்ட் காத்திருக்கும்.

ஆனால் பானெட்டில் இப்போதே கை வைக்காதீர்கள். புதிதாகப் பழைய வண்டி வாங்குகிற ஒவ்வொருவரும் முதல் ஞாயிற்றுக்கிழமையே பானெட்டைத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பது அதுதானே. நீங்கள் நீர் தங்கும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். நான்கு கதவுகளின் அடிவிளிம்பிலும் நீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி ஒவ்வொன்றிலும் விட்டுப் பாருங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் உள்ள பள்ளத்தில் என்ன அடைந்திருக்கிறது என்று பாருங்கள். இருக்கைகளைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்குங்கள். பின்சக்கர வளைவின் உள்மடிப்பு, பேட்டரித் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி ஆகியவற்றை ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தகடு இருக்கிறது. சொத்தையாகக் கேட்டால் இல்லை.

அடுத்து, சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி வண்டி முழுவதும் ஒட்டிப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் பெயின்ட்டுக்குக் கீழே கனமாகப் பட்டி இருக்கிறது என்று பொருள். இவற்றை முடித்துவிட்டு எழுதுங்கள்.

உப்புக்காற்று · தூத்துக்குடி · 9 ஜூன் 2025

பெயின்டர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். எங்கள் ஊரில் மேலே கண்ணாடிபோல் மின்னிய ஒரு 800ஐ வாங்கினேன். மூன்றாம் மாதத்தில் டிரைவர் பக்கத் தரையில் கால் உள்ளே இறங்கியது. விற்றவர் மீது குறை சொல்லிப் பயனில்லை. விரிப்பைத் தூக்கிப் பார்க்காதது என் தவறு.

வெள்ளைக்குருவி · 15 ஜூன் 2025

ஐயா, இன்று காலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை இருட்டும்வரை நீண்டது. கண்டவற்றை அப்படியே எழுதுகிறேன்.

இடது முன்கதவின் துளையில் ஈர்க்குச்சியை விட்டதும் முதலில் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் அழுத்தித் திருகியபோது கறுப்பாக ஒரு கட்டி பிதுங்கி விழுந்தது. அதன் பின்னால் இரண்டு டம்ளர் அளவுக்குத் தேநீர் நிறத்தில் நீர் கொட்டியது. கட்டியைப் பிரித்துப் பார்த்தால் அத்தனையும் புளிய இலை. அந்த இலை எவ்வளவு சிறியது என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக அது எளிதாக உள்ளே போய்விடுகிறது. வைப்பருக்கு அடியில் இருந்த பள்ளத்திலிருந்து அரை வாளி மக்கிய இலையை அள்ளினேன். சிறு புளியங்கன்று ஒன்று அதில் முளைத்தும் இருந்தது. அதைத் தொட்டியில் வைத்திருக்கிறேன்.

தரைவிரிப்பின் அடியில் இருந்த சணல் மெத்தை, நீரைக் குடித்து நனைந்த வைக்கோல் போல் கனத்தது. நாற்றத்தின் ஊற்று அதுதான். அதைக் குப்பையில் போட்டுவிட்டேன். தரைத்தகட்டில் துரு பரவியிருக்கிறது. ஆனால் தட்டிப் பார்த்ததில் கணீரென்றுதான் கேட்கிறது. ஓட்டை இல்லை.

காந்தம் இடது பின்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பிடிக்கவே இல்லை. மாமாவைக் கேட்டேன். 2006இல் உடுமலைச் சாலையில் ஒரு பேருந்து உரசியதாகவும், அதை இதுவரை அத்தையிடம் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

கறுப்புத் துணியில் வெள்ளை இறங்கியது. கணக்குப்பிள்ளை சொன்னதும் உண்மைதான். பதிவு 2023இல் முடிந்திருக்கிறது. வண்டியைக் கொஞ்சம் பார்க்கும்படி ஆக்கிய பிறகு மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை · 15 ஜூன் 2025

ஆய்வாளர் பளபளப்பைப் பார்க்கமாட்டார். பிரேக், விளக்கு, சேஸி எண் ஆகியவற்றைத்தான் பார்ப்பார். தாமதிக்காதீர்கள்.

வேதியியல் வகுப்பு · திருச்சி · 16 ஜூன் 2025

கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவள் என்பதால், அந்த மாவைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சொல்கிறேன். வெள்ளைப் பெயின்ட்டின் நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. அது வெயிலால் கெடுவதில்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசின்தான் புற ஊதாக் கதிரால் சிதைகிறது. அதிலும் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்த நிறமியே வெயிலில் கிரியா ஊக்கியாகச் செயல்பட்டுத் தன்னைச் சுற்றியுள்ள பிசினைச் சிதைக்கக்கூடியது. அதைத் தடுப்பதற்காகத்தான் தரமான பெயின்ட்டுகளில் நிறமித் துகள்களின்மேல் வேறொரு பூச்சு கொடுக்கிறார்கள். பிசின் போனதும் நிறமி பிடிப்பற்றுத் தூளாக நிற்கிறது. உங்கள் விரலில் ஒட்டியது அதுதான். சிவப்பு வண்டிகள் வெளிறி ரோஜா நிறமாவதற்குக் காரணம் வேறு. அங்கே பெரும்பாலும் நிறமியே கெடுகிறது. வெள்ளை வண்டி கிடைத்தது உங்கள் நல்வாய்ப்பு.

துருப்பிடித்த தரைக்குக் கடைகளில் கிடைக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் பொருத்தமானது. அவற்றுள் பாஸ்பாரிக் அமிலம் கொண்டவை துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகின்றன. டானிக் அமிலம் கொண்டவை கருநீல நிறத்தில் இரும்பு டானேட்டை உண்டாக்குகின்றன. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினைதான். கடுக்காயில் இருப்பது டானின், அன்னபேதியில் இருப்பது இரும்பு. செதிலாக உரியும் துருவின்மேல் இதைத் தடவினால் பயன் இல்லை. கம்பித் தூரிகையால் உதிர்வதையெல்லாம் உதிர்த்த பிறகு, இரும்போடு ஒட்டிக்கிடக்கும் மெல்லிய துருவின்மேல் மட்டுமே தடவ வேண்டும்.

சேலத்துப் பெயின்டர் · 16 ஜூன் 2025

அம்மா சொன்னது சரி. எங்களுக்குப் பெயர் தெரியாது. கறுத்தால் பிடித்துவிட்டது என்று பொருள், அவ்வளவுதான்.

தம்பி, தரைக்குக் கன்வெர்ட்டர் தடவி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு ஈரம் புகாமல் தகட்டைக் காக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமரை இரண்டு கை, அதாவது இரண்டு அடுக்கு அடியுங்கள். தரைக்குப் பிரஷ்ஷே போதும். கதவின் கொப்புளங்களைக் கத்தியால் திறந்து, துரு எதுவரை ஓடியிருக்கிறதோ அதுவரை பெயின்ட்டைச் சுரண்டுங்கள். கடுகளவு கொப்புளத்துக்குக் கீழே எட்டணா அளவு துரு இருப்பது வழக்கம். சுரண்டிய பிறகு வெறும் தகட்டின்மேலோ துருவின்மேலோ பட்டி வைக்காதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். முதலில் எபாக்சி, அதன்மேல் மெல்லிய பட்டி, அதுவும் இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இடது பின்பக்கத்தைத் தொடாதீர்கள். 2006இல் வைத்த பட்டி இன்றும் வெடிக்காமல் இருக்கிறதென்றால் வைத்தவர் ஒழுங்காக வைத்திருக்கிறார். அதை நோண்டினால் அது உங்கள் வேலையாகிவிடும்.

உப்புக்காற்று · 17 ஜூன் 2025

கதவை வெட்டி எம்.எஸ். என்னும் மென்னெஃகுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் நிலையான தீர்வு என்பது என் கருத்து. கன்வெர்ட்டரும் எபாக்சியும் நாளைக் கடத்துகின்றன. துருவை அவை ஒழிப்பதில்லை.

சேலத்துப் பெயின்டர் · 17 ஜூன் 2025

கடற்கரை ஊருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஓட்டை விழாத தகட்டில் வெல்டிங் சூடு காட்டினால் அது கோணிக்கொள்ளும். உள்பக்கப் பெயின்ட்டும் கருகி, அங்கிருந்து புதுத் துரு புறப்படும். 28,000 ரூபாய் வண்டியில் நாளைக் கடத்துவதே போதுமானது.

வெள்ளைக்குருவி · 6 ஜூலை 2025

மூன்று வார வேலையின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

உள்பகுதி எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. இருக்கைகளை இரண்டு நாட்கள் மொட்டை மாடியில் காயவைத்து, ரெக்ஸினைச் சோப்பு நீராலும் பழைய பல்துலக்கியாலும் தேய்த்தேன். சணல் மெத்தைக்குப் பதிலாகப் புதிய ஃபெல்ட் 700 ரூபாய்க்குக் கிடைத்தது. டேஷ்போர்டுக்கு ஈரத்துணி தவிர வேறொன்றும் போடவில்லை. பளபளப்பு ஏற்றும் திரவத்தைத் தடவினால் முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண் கூசுகிறது. கூரையின் அமுங்கலை மட்டும் எப்படி எடுப்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். நண்பகல் வெயிலில் தகடு நன்றாகச் சூடேறிய நேரத்தில், உள்ளே உட்கார்ந்து, மடித்த துண்டை லைனிங்கில் வைத்து இரண்டு உள்ளங்கைகளாலும் தள்ளினேன். டொக்கென்று ஒரு சத்தம், மேலே வந்துவிட்டது. பிறைநிலா வடிவில் ஒரு கோடு மட்டும் மிச்சம்.

அடுத்தது கழுவுவது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டுகள் விழும். குழாயில் வரும் சிறுவாணிக் குடிநீரில் வண்டி கழுவ மனம் ஒப்பவில்லை. ஆகவே முக்கால் பகுதியைக் கிணற்று நீரில் கழுவி, கடைசி ஒரு வாளி மட்டும் சிறுவாணி நீர் ஊற்றி, காயும் முன்பே துடைத்தேன். பிறகு ஒட்டிய அழுக்கைப் பிடுங்கியெடுக்கும் களிமண் போன்ற கிளே பாரை, சோப்பு நீர் தெளித்து மெதுவாக இழுத்தேன். கழுவிய பிறகும் உப்புத்தாள்போல் சொரசொரத்த பானெட், இழுத்த இடத்தில் மட்டும் எண்ணெய் தடவிய தோசைக்கல்லைப்போல் வழுக்கியது. ஒவ்வொரு முறை மடித்துப் பார்த்தபோதும் கிளேயில் பழுப்பு நிறக் கோடுகள் தெரிந்தன. புளியமரம் நான்கு ஆண்டுகளாக ஊற்றிய பிசுக்கு முழுவதும் அதில் இருந்தது.

இனிப் பானெட்டைத் தொடலாமா ஐயா?

சேலத்துப் பெயின்டர் · 6 ஜூலை 2025

தொடலாம். தேய்ப்பதற்கு முந்தைய இரவு ஒன்று செய்யுங்கள். எண்ணெய்ப் பசை மிகுந்த பாலிஷ் அல்லது கிளேஸ் ஏதாவது வாங்கி, பானெட் முழுவதும் கெட்டியாகப் பூசி விடியும்வரை விட்டுவிடுங்கள். வறண்டுபோன ஒற்றை அடுக்குப் பெயின்ட் அதைக் குடிக்கும். காலையில் துடைத்துவிட்டுத் தேய்த்தால் காம்பவுண்டு இழுக்காமல் ஓடும். கிளியர் கோட் உள்ள வண்டிக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

காலை ஒன்பது மணிக்குள் தேய்த்து முடியுங்கள். தகடு சூடானால் காம்பவுண்டு காய்ந்து கோடு விழும். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் மிகவும் மெல்லியதாக இருக்கும். அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் அதை உரித்துவிட்டுக் கையால் மட்டும் தேயுங்கள். மொத்தப் பெயின்ட்டே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதை மறக்க வேண்டாம்.

வெள்ளைக்குருவி · 13 ஜூலை 2025

மறக்கவில்லை ஐயா, ஆனால் அவசரப்பட்டுவிட்டேன்.

டிரில்லில் ஸ்பாஞ்சு பேடைப் பொருத்தி, இரண்டடிக்கு இரண்டடி சதுரமாகப் பிரித்துக்கொண்டு தேய்த்தேன். முதல் சதுரம் முடிந்து துடைத்தபோது, எங்கள் போர்ட்டிகோவின் டியூப்லைட் அதில் தெரிந்தது. நான்கு ஆண்டுகளாக எதையும் காட்டாத பானெட் டியூப்லைட்டைக் காட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த உற்சாகத்தில் ஐந்தாவது சதுரத்துக்கு டேப் ஒட்ட மறந்தேன். பானெட்டின் இடது மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை போய்ச் சாம்பல் நிறப் பிரைமர் வெளியே வந்துவிட்டது. டிரில் அங்கே நின்றது இரண்டு விநாடிகூட இருக்காது.

மற்றபடி பானெட்டும் கூரையும் ஒளிர்கின்றன. எச்சத் தழும்புகளில் பாதி போய்விட்டன. மீதி ஆழமாக அரித்திருப்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

வேதியியல் வகுப்பு · 13 ஜூலை 2025

விட்டது நல்லது. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலமும், வெயிலில் சூடேறி விரிந்து பின் குளிர்ந்து சுருங்கும் பெயின்ட்டும் சேர்ந்து உண்டாக்குகிற பள்ளம் அது. அதைச் சமன்படுத்த வேண்டுமானால் சுற்றியுள்ள நல்ல பெயின்ட்டையும் அதே ஆழத்துக்குத் தேய்க்க வேண்டியிருக்கும்.

கரிசல் · கோவில்பட்டி · 14 ஜூலை 2025

பம்பருக்கு ஒரு வழி சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் டீசலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் கரேலென்று ஆகிவிடும். சிலர் தேங்காய் எண்ணெயும் போடுவார்கள்.

வேதியியல் வகுப்பு · 14 ஜூலை 2025

ஆகும், ஒரு வாரத்துக்கு மட்டும். நரைத்த பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு நுண்ணிய வெடிப்புகளால் நிறைந்திருப்பதால் ஒளியைச் சிதறடித்துச் சாம்பலாகத் தெரிகிறது. எந்த எண்ணெயாவது அந்த வெடிப்புகளை நிரப்பினால் மீண்டும் கறுப்பாகத் தெரியும். டீசல் பக்கத்திலுள்ள ரப்பர் பீடிங்குகளை உப்பச் செய்யும். தேங்காய் எண்ணெய் உலராது. புழுதியைக் கூவி அழைக்கும். எண்ணெய்தான் போடுவதென்றால், காற்றுப் பட்டுக் கெட்டியாகிற ஆளிவிதை எண்ணெய் ஓரளவு நிற்கும். ஆனால் அது நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவைக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள கறுப்புச் சாயம் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இந்தத் தொல்லை தேவையா என்று தெரியவில்லை.

சேலத்துப் பெயின்டர் · 15 ஜூலை 2025

மடிப்பில் பெயின்ட் போனதற்கு வருந்தாதீர்கள். நான் தொழில் பழகியபோது ஓர் அம்பாசடரின் பானெட்டில் சாண் அகலத்துக்குப் போக்கியிருக்கிறேன். முதலாளி அன்று சோறு போடவில்லை.

கதவின் கீழ்ப்பகுதிக்கும் அந்த மடிப்புக்கும் சேர்த்து ஸ்ப்ரே கேன் போதும். பெயின்ட் கடைக்குப் போகும்போது பெட்ரோல் மூடியின் வெளித்தகட்டைக் கழற்றி, அதையும் தேய்த்து மெருகேற்றிய பிறகு கொண்டுபோங்கள். புது 800இன் வெள்ளை வேறு, இருபத்தேழு வயதான வெள்ளை வேறு. கதவில் நடுவே ஓடும் மடிப்புக் கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறம் சற்று மாறினாலும் அந்தக் கோடு மறைத்துவிடும். டேப்பின் விளிம்பைத் தட்டையாக ஒட்டாமல் சற்றே சுருட்டிவிட்டால், பெயின்ட் கரை கட்டாமல் மங்கலாக முடியும். கேனை ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் பிடித்து, மெல்லிய கைகளாக நான்கைந்து முறை அடியுங்கள். முதல் கையில் அடித்தளம் தெரியத்தான் வேண்டும்.

பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் வாங்கிக் கம்ப்ரஸரில் அடித்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு முப்பது ஆண்டுகள் அடித்த என்னால் இன்று மாடிப்படி இரண்டு சேர்ந்தாற்போல் ஏற முடியவில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டுப் போர்ட்டிகோவில் அதைத் திறக்கவே வேண்டாம்.

நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. உங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மியே பறக்கும் காற்றில் பெயின்ட் எங்கே நிற்கும்? ஆவணிவரை பொறுங்கள்.

வெள்ளைக்குருவி · 31 ஆகஸ்ட் 2025

ஆவணிவரை பொறுத்தேன். அதற்கு நான் கொடுத்த விலையைக் கணக்குப்பிள்ளை ஐயா ஏற்கெனவே ஊகித்திருப்பார்.

கணக்குப்பிள்ளை · 31 ஆகஸ்ட் 2025

இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தி மத்திய அரசு இந்த ஆகஸ்டில் அறிவித்ததைத்தானே சொல்கிறீர்கள்? ஜூன் மாதமே சொன்னேன். பளபளப்பு காத்திருக்கும், கட்டணம் காத்திருக்காது.

வெள்ளைக்குருவி · 31 ஆகஸ்ட் 2025

ஒப்புக்கொள்கிறேன். பெயின்ட்டுக்கும் பாலிஷுக்கும் மற்ற பொருட்களுக்கும் சேர்த்து இதுவரை 7,850 ரூபாய்தான் செலவாகியிருக்கிறது. என் சோம்பலுக்கு மட்டும் 5,000 ரூபாய்.

ஸ்ப்ரே வேலையை முதல்முறை கெடுத்தேன். மாலையில் தூறல் விட்டதும் அடித்தேன். காய்ந்த பிறகு கதவின் கீழ்ப்பகுதி பாலாடை படிந்ததுபோல் மங்கிவிட்டது. மறுநாள் 1500ஆம் எண் வாட்டர் பேப்பரில் நீர்விட்டுத் தேய்த்து, காலை பத்து மணி வெயிலில் நிழற்பக்கமாக நின்று மீண்டும் அடித்தேன். இம்முறை நன்றாக வந்திருக்கிறது. ஒரு வாரம் காயவைத்து, 2000ஆம் எண் பேப்பரில் மெல்லத் தேய்த்து, பாலிஷ் போட்டேன். பகலில் பார்த்தால் வேறுபாடு தெரியவில்லை. இரவில் சோடியம் விளக்கின் கீழ் கதவின் கீழ்ப்பாதி சற்று நீலமாகத் தெரிகிறது.

வேதியியல் வகுப்பு · 1 செப்டம்பர் 2025

மங்கியதற்குக் காரணம் ஈரம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் அது பனித்துளியாகப் பெயின்ட்டின்மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது.

சேலத்துப் பெயின்டர் · 1 செப்டம்பர் 2025

நிறத்தைச் சரிசெய்ய இன்னொரு கேன் வாங்கிவிடாதீர்கள். இதோடு நிறுத்துங்கள். மெழுகு பூசுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். ஒற்றை அடுக்குப் பெயின்ட்டுக்கு அதுதான் குடை. கதவுகளின் உள்பக்கம், துளைகளை அடைக்காமல், கொஞ்சம் கிரீஸைச் சூடாக்கி ஓடவிடுங்கள்.

வெள்ளைக்குருவி · 2 நவம்பர் 2025

பதிவு புதுப்பித்தாகிவிட்டது. ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்து சேஸி எண்ணைப் பார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், பெயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மழை தொடங்கிய பிறகு கதவுத் துளைகள் நான்கிலும் நீர் ஒழுங்காகச் சொட்டுகிறது. ஆனால் சென்ற வாரம் இடது முன்பக்கப் புதிய ஃபெல்ட் மீண்டும் நனைந்திருந்தது. ஒருவரை உள்ளே உட்காரவைத்து, வெளியே நான் குழாயால் ஒவ்வோர் இடமாக நீர் ஊற்றிப் பார்த்தேன். முன் கண்ணாடிப் பீடிங்கின் கீழ் இடது மூலையில் ஊற்றியபோது உள்ளே நீர் வந்தது. பீடிங் ரப்பர் அங்கே சுருங்கி ஒரு நூலளவு விலகியிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றாமல் அடைக்க முடியுமா?

உப்புக்காற்று · 2 நவம்பர் 2025

முடியும். இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, ரப்பரின் உதட்டை மெதுவாகத் தூக்கி, கண்ணாடிக்கென்று விற்கும் கறுப்பு பியூட்டைல் சீலன்ட்டை உள்ளே செலுத்துங்கள். வீட்டுச் சிலிக்கானை வைக்காதீர்கள். காயும்போது அமில வாடை வீசும் வகை தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். பின்னாளில் அந்த இடத்தில் பெயின்ட்டும் ஒட்டாது.

சேலத்துப் பெயின்டர் · 3 நவம்பர் 2025

தம்பி, கதவில் பழைய கொப்புளம் எதுவும் திரும்பி வந்திருக்கிறதா?

வெள்ளைக்குருவி · 3 நவம்பர் 2025

ஒன்று வந்திருக்கிறது ஐயா, கடுகளவு. பின்பக்கக் கீழ் ஓரத்தில்.

சேலத்துப் பெயின்டர் · 3 நவம்பர் 2025

பொங்கலுக்குப் பிறகு திறந்து பாருங்கள். அதுவரை ஓட்டுங்கள்.